பாடசாலைக்கு மேலே நிற்கும் மலை

மழை பெய்தால் மனம் குளிர்வது உலக வழக்கு. மலைநாட்டிலோ வானம் இருட்டத் தொடங்கியதும் கொழுந்து மலையில் நிற்கும் தாயின் நெஞ்சு பதறுகின்றது. பாடசாலைக்குச் சென்ற பிள்ளை எவ்வழியாகத் திரும்பும்? ஓடையைத் தாண்டும் குறுக்குப் பாதையாலா, மண் இறங்கிக் கிடக்கும் தெருவாலா? வகுப்பறையின் பின்சுவருக்கு மேலே நிற்கும் மலை இன்றைக்கும் அப்படியே நிற்குமா? ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் எழும் இக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் யார்? அவர் சொல்லியிருக்கின்றாரா? இல்லை என்பதே வெட்கத்தோடு நாம் கூறவேண்டிய உண்மை.

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளி இந்நாட்டை உலுக்கியது. அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் பறிபோயின. காற்றைக் காட்டிலும் மழையே பெருங் கொலைகாரனாயிற்று. கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய மலை மாவட்டங்களே உயிர்ப்பலியில் பெரும் பங்கைச் சுமந்தன. நடந்துகொண்டிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டது. வீடிழந்தோர் பாடசாலைகளிலே தஞ்சம் புகுந்தனர். அவர்கள் தஞ்சம் புகுந்த பாடசாலை தானும் பாதுகாப்பான இடத்தில் நிற்கின்றதா என்று அந்த இரவில் கேட்பதற்கு எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. அக்கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டிய காலம் அந்த இரவன்று. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னர் அது கேட்கப்பட்டிருத்தல் வேண்டும்.

ஆகவே, அரசாங்கப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும், அதனைச் சூழ்ந்து வாழும் லயத்து மக்களுக்கும், மண்சரிவு, வெள்ளம், கடுங்காற்று ஆகியவற்றால் நேரக்கூடிய அபாயம் எங்கே, எவ்வளவு என்பதைத் தெளிவாகக் காட்டும் வரைபடம் வேண்டும் என்று கோருகின்றோம். இஃது ஏதோ பொறியியலாளரின் விவகாரம் என்று எமது வாசகர் ஒதுக்கிவிட வேண்டாம். இது நில விவகாரம், உரிமை விவகாரம், ஆதலால் இது அரசியல் விவகாரமேயாகும்.

தோட்டப் பாடசாலை எவ்வாறு தோன்றிற்று என்பதைச் சற்றே நினைவுகூர்வோம். 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்து கொடுக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்திற்று. கடமை ஏட்டிலே இருந்தது; இடத்தைத் தெரிவு செய்யும் அதிகாரம் துரையின் கையிலே இருந்தது. நல்ல கொழுந்து தரும் மண்ணைப் பள்ளிக்கூடத்துக்கென விட்டுக்கொடுக்க எந்தத் துரைக்கு மனம் வரும்? எனவே மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டு, ஓடைக்கரையில் ஒரு மூலை, லயத்தின் கோடியில் ஒரு கொட்டில் என்று பல தோட்டங்களிலே பாடசாலைக்கு இடம் வாய்த்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. பெயர்ப்பலகை மாறிற்று, இடம் மாறவில்லை. பின்னாளில் மாடிக் கட்டடங்கள் எழுந்தபோதும் பல பாடசாலைகளில் பழைய கொட்டில் நின்ற தளமே கிடைத்தது. அது போதாதவிடத்து மலையை மேலும் சிறிது வெட்டி இடம் எடுக்கப்பட்டது. வெட்டிய மண்ணின் மேலே நின்ற மலை அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மலை ஏன் சரிகின்றது? தெய்வ கோபம் என்று கூறிக் கைகட்டி நிற்கும் காலம் போய்விட்டது. மலைநாட்டின் அடியிலே கிடப்பது தொன்மையான உருமாறிய பாறை. அதன் மேலே உக்கிய மண்ணும், காலங்காலமாக மேலிருந்து இறங்கி வந்து தங்கிய கல்லும் மண்ணும் போர்வைபோலக் கிடக்கின்றன. பெருமழையின்போது நீர் இப்போர்வைக்குள் இறங்குகின்றது. மண்ணின் பாரம் கூடுகின்றது. உள்ளே நீரின் அமுக்கம் ஏற, மண்ணின் பிடிப்புத் தளர்கின்றது. அடிவாரத்தை வெட்டி மைதானமோ வகுப்பறையோ அமைத்திருப்பின் சரிவைத் தாங்கி நின்ற முட்டும் போய்விடுகின்றது. இவை மூன்றும் ஒரு சேரக் கூடும் நாளே மண்சரிவு நாள்.

இதை எமது முன்னோர் அறியாதவரல்லர். மலைக்குக் குறுக்கே வரிவரியாகக் கான் வெட்டி, நீரை ஓடைக்கு வழிநடத்தி, மண்ணைக் காத்தவர்கள் அவர்கள். கான் வெட்டு என்பது தோட்டத்திலே தனியொரு வேலையாயிருந்தது. ஆட்குறைப்பு என்று வந்தபோது தோட்ட நிருவாகத்தின் கணக்கில் கொழுந்து நிறுக்கப்பட்டது. துப்புரவான கானை நிறுப்பதற்குத் தராசு இல்லை. தூர்ந்துபோன கானில் நின்ற நீர் மலைக்குள் இறங்குகின்றது. அந்த மலைக்குக் கீழே பாடசாலை இருக்கின்றது.

எவ்வளவு மழைக்கு எவ்வளவு அபாயம் என்பதற்கும் அளவுகோல் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிலைகளையுடையது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரைக் கடக்கின் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரைக் கடக்கினும், ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினும் வெளியேறிவிடல் வேண்டும். இவ்வளவு தெளிவான விதியிருந்தும், எத்தனை தோட்டப் பாடசாலைகளின் முற்றத்திலே ஒரு மழைமானி இருக்கின்றது? எத்தனை அதிபர்களுக்கு இவ்வெண்கள் அவர்களுடைய மொழியிலே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன?

வரைபடமே இல்லையென்று நாம் கூறவரவில்லை. 1986 ஆம் ஆண்டிலும் 1989 ஆம் ஆண்டிலும் நேர்ந்த மண்சரிவுகளின் பின்னர், 1990 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு மண்சரிவு அபாய வரைபடப் பணி தொடங்கப்பட்டது. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களே. இன்று பல மாவட்டங்கள் மண்சரிவு அபாயமுள்ளவை என்று அடையாளங் காணப்பட்டுள்ளன. இப்பணியிலே காடும் மேடும் ஏறி இறங்கிய அதிகாரிகளின் உழைப்பை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அந்த வரைபடம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை மக்கள் அறிதல் வேண்டும்.

50,000க்கு 1 என்னும் அளவிலமைந்த வரைபடத்திலே ஒரு சென்றிமீற்றர் என்பது தரையிலே 500 மீற்றர். 30 மீற்றர் நீளமான வகுப்பறைக் கட்டடம் அதிலே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான புள்ளி. 10,000க்கு 1 என்னும் நுணுக்கமான வரைபடத்திலும் அது மூன்று மில்லிமீற்றர்தான். பென்சிலின் கூர்முனை மறைத்துவிடும் அந்தச் சிறு கோட்டுக்குள்ளேதான் முந்நூறு பிள்ளைகள் அமர்ந்து படிக்கின்றனர்! இந்த மலைப்பகுதி அபாயமானது என்று வரைபடத்தின் நிறம் சொல்லும். பாடசாலையின் பின்சுவர் வெடித்திருப்பதையோ, மேலேயுள்ள கான் தூர்ந்திருப்பதையோ, பிள்ளைகள் தாண்டும் பாலத்தின் கால் அரிக்கப்பட்டிருப்பதையோ அது சொல்லாது. மாவட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு பாடசாலையைக் காத்துவிடலாம் என்றெண்ணுவது, நாட்டின் படத்தை வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

இனி மீரியபெத்தையை நினைப்போம். 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29 ஆந் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அத்தோட்டத்திலே மலை இறங்கி வந்து லயங்களை மூடிற்று. அன்று காலை பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். அவர்களிற் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் அபாயமானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் வெளிவந்தது. உடனே, எச்சரித்தும் மக்கள் போகவில்லையே என்று கொழும்பிலிருந்து குரல்கள் எழுந்தன. எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். லயத்தைச் சூழ்ந்த மண் தோட்டத்துக்குச் சொந்தம். அடுத்த மலையும் தோட்டத்துக்குச் சொந்தம். ஓர் அடி நிலமும் தன் பெயரில் இல்லாதவனை நோக்கி வெளியேறு என்பது எச்சரிக்கையாகாது, பொறுப்பைக் கைகழுவுதலேயாகும்.

எமது கோரிக்கையின் முதற் பாடம் மீரியபெத்தையிலிருந்து வருகின்றது. பாடசாலையை மட்டும் அளந்து, லயத்தை விட்டுவிட்டால் பிள்ளைக்குப் பள்ளி மிஞ்சும், குடும்பம் மிஞ்சாது. லயத்தை மட்டும் அளந்து பாடசாலையை விட்டுவிட்டாலோ? அதற்கு விடை சொல்ல வேல்ஸ் நாட்டிலே ஓர் ஊர் இருக்கின்றது.

1966 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21 ஆந் திகதி காலை, அபர்வான் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்திலே, மலைமீது கொட்டிவைக்கப்பட்டிருந்த சுரங்கக் கழிவு மழைநீரிலே ஊறி இளகி, கீழேயிருந்த பாடசாலையின் மேல் வந்து விழுந்தது. 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களும் மாண்டனர். அவர்கள் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள். பாடசாலைக்குப் பின்னால் கழிவு குவிவது அபாயம் என்று உள்ளூர்ப் பொறியியலாளர் 1963 இலேயே எழுத்திற் கூறியிருந்தார். விசாரணை மன்றம் 1967 இல் அளித்த அறிக்கையிலே தேசிய நிலக்கரிச் சபையே பொறுப்பு என்று தீர்ப்புக் கூறிற்று. ஆயினும் ஒருவர்மீதேனும் வழக்குத் தொடரப்படவில்லை. எஞ்சிய கழிவு மேடுகளை அகற்றுவதற்கு, துயருற்றோருக்கென உலகம் திரட்டிக் கொடுத்த நிதியிலிருந்தே 1,50,000 பவுண் எடுக்கப்பட்டது. 1997 இலேதான் அப்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. தொழிலாளியின் பிள்ளை இறந்தாலும் செலவு தொழிலாளியின் தலையில்தான் விழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டாவது பாடம் ஜப்பானிலிருந்து வருகின்றது. 2011 மார்ச் 11 ஆந் திகதி ஆழிப்பேரலையில், இஷினோமாகி நகரின் ஒக்காவா ஆரம்பப் பாடசாலையின் 74 மாணவரும் 10 ஆசிரியரும் உயிரிழந்தனர். அரசாங்கத்தின் அபாய வரைபடத்திலே அப்பாடசாலை அலை வரும் எல்லைக்கு வெளியே இருந்தது! பெற்றோர் வழக்குத் தொடர்ந்தனர். 2018 இலே செண்டாய் மேல் நீதிமன்றம், வரைபடத்தைக் கண்மூடி நம்பியிருந்தது போதாது, தம் பாடசாலையின் இடத்தையும் சூழலையும் தாமே ஆராய்ந்து முன்னேற்பாடு செய்திருக்க வேண்டியது கல்வி அதிகாரிகளின் கடமை என்று கூறி நட்டஈடு விதித்தது. 2019 இலே அந்நாட்டின் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நிலைநிறுத்திற்று. வரைபடம் இல்லாமை குற்றம். வரைபடம் இருக்கின்றதே என்று வாளாவிருத்தல் அதனினும் பெருங் குற்றம்.

அயலிலேயும் பார்ப்போம். கேரளத்தின் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியிலே 2020 ஆகஸ்ட் 6 ஆந் திகதி இரவு எழுபது உயிர்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களோடு புதைந்தன. அவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளரின் வழிவந்தோர். 2024 ஜூலை 30 ஆந் திகதி வயநாட்டிலே முண்டக்கை, சூரல்மலை ஊர்களைச் சேறு மூடியபோது, வெள்ளார்மலை அரசினர் பாடசாலையும் சிதைந்தது. தேயிலைச் செடி எங்கே மலையைப் போர்த்தியிருக்கின்றதோ, அங்கெல்லாம் இக்கதை ஒரே கதைதான். மலையும் மழையும் இயற்கை. அடிவாரத்திலே லயம் போட்டது இயற்கையன்று.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், அமைச்சுகளும் திணைக்களங்களும் அரச கூட்டுத்தாபனங்களும் தத்தமக்கென அனர்த்த முகாமைத்துவத் திட்டம் வகுக்க வேண்டும் என்று கூறுகின்றது. கல்வி அமைச்சு இதற்கு விலக்கன்று. 13 ஆவது திருத்தத்தின் பயனாகத் தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை மாகாண சபையின் பொறுப்பில் உள்ளன. பாடசாலை மாகாணத்தினுடையது, அதற்கு மேலேயுள்ள தேயிலை மலையோ அரசுக்குச் சொந்தமாயிருந்து, நீண்டகாலக் குத்தகையில் பெருந்தோட்டக் கம்பனியின் கையில் இருக்கின்றது. கீழேயுள்ள பாதையோ பிரதேச சபையுடையதா, தோட்டத்தினுடையதா என்று இன்னும் வழக்கு. இத்தனை எல்லைகளும் பாடசாலை வேலியிலே வந்து சந்திக்கின்றன. ஆனால் நீருக்கு வேலி தெரியாது. கம்பனியின் கானிலே நின்ற நீர் மாகாணத்தின் வகுப்பறைமேல் விழுகின்றது. கம்பனியைக் கேட்டால் மாகாணத்தைக் காட்டும். மாகாணத்தைக் கேட்டால் மத்தியைக் காட்டும். மத்தியோ அறிக்கை கோரும்!

1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலே 33 ஆம் பிரிவு நெடுங்காலமாகத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதி செல்வதற்குத் தடைக்கல்லாயிருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. சட்டத்தின் கதவு திறந்து ஆண்டுகள் பல கடந்தும், அக்கதவால் எத்தனை கான்கள், எத்தனை தடுப்புச் சுவர்கள் தோட்டத்துக்குள் வந்தன என்று எமது பிரதேச சபை உறுப்பினர்கள் கணக்குச் சொல்வார்களா? இது பிறரை நோக்கிய கேள்வி மட்டுமன்று. எமது இயக்கத்தாரையும் உள்ளிட்டே கேட்கின்றோம். புதிய வகுப்பறைக்கு அடிக்கல் நாட்டும் விழாவிலே மாலை சூடினோம். கல்வெட்டிலே பெயர் பொறித்தோம். அந்த அடிக்கல் எந்த மண்மேல் நிற்கின்றது என்று கேட்டவர் எம்மில் எத்தனை பேர்?

வழக்கறிஞர் தொழில் செய்வோர் ஒரு செய்தியை எளிதில் உணர்வர். நீதிமன்றத்திலே பொறுப்பை நிறுவுவதற்குப் பெருந்தடையாய் நிற்பது, எங்களுக்குத் தெரியாது என்னும் ஒரே சொல். வரைபடம் அந்தச் சொல்லைப் பறித்துவிடுகின்றது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றிய வழக்கிலே, முன்கூட்டிய தகவல் கிடைத்திருந்தும் செயற்படத் தவறியமை அடிப்படை உரிமை மீறலே என்று எமது உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியிலே தீர்ப்பளித்து, பதவியில் மிக உயர்ந்திருந்தோரையும் நட்டஈடு செலுத்தப் பணித்தது. அது பயங்கரவாதம் பற்றிய வழக்கு, இது மண்சரிவு. ஆயினும் நெறி ஒன்றே: அபாயத்தை அறிந்த அதிகாரி அசையாதிருத்தல் குற்றம். பாடசாலை ஒவ்வொன்றின் அபாயமும் எழுத்திலும் கோட்டிலும் பதியப்பட்ட நாளிலிருந்து, அதை வாங்கி வைத்திருந்த ஒவ்வொரு மேசையும் பொறுப்பேற்க நேரும். இத்தகைய வரைபடத்துக்கு அவசரம் காட்டாதோர் பலர் இருப்பதன் காரணமும் இதுவாயிருக்கலாம்.

எமக்குள்ளேயும் ஓர் அச்சம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பாடசாலைக்குச் சிவப்புக் குறியிட்டால், அதையே சாக்காக வைத்துப் பாடசாலையை மூடிவிடுவார்களே என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அதிபர்களும் அஞ்சுகின்றனர். அண்மையில் நாம் சென்று கண்ட ஒரு சிறு பாடசாலையிலே, பின்சுவரின் வெடிப்பைக் காட்டிய ஓர் ஆசிரியர், "ஐயா, இதைப் பெரிதாக எழுதிவிடாதீர்கள், பள்ளிக்கூடம் போய்விட்டால் பிள்ளைகள் ஐந்து மைல் நடக்க வேண்டும், பெண்பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பமாட்டார்கள்" என்று கைகூப்பினார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று அது. எமது சமூகத்துக்குக் கல்வி ஒன்றே லயத்தை விட்டு ஏறும் படி. அந்தப் படியை இழப்பதைவிட, வெடித்த சுவரின் கீழ் இருப்பதே மேல் என்று எண்ணும் நிலைக்கு மக்களைத் தள்ளியிருப்பதுதான் கொடுமை.

இவ்வச்சத்துக்கு விடை, வரைபடத்தை மறைப்பதன்று. மாற்று இடத்தையும் வரைபடத்திலேயே குறிப்பதுதான் விடை. இன்ன பாடசாலை அபாயத்தில் உள்ளது என்று ஒரு கோடு வரையும் கை, இன்ன தோட்டத்தின் இன்ன நிலம் அதற்குப் பதிலாக ஒதுக்கப்படும் என்று அடுத்த கோட்டையும் வரைதல் வேண்டும். அதுவரை எந்தப் பாடசாலையும் மூடப்படலாகாது என்பதும், பெருமழை நாள்களிலே வகுப்புகள் எங்கே நடக்கும் என்பதும் அதே தாளில் எழுதப்படுதல் வேண்டும். நிலம் இல்லை என்ற சொல்லை நாம் ஏற்கமாட்டோம். தேயிலை ஏற மறுத்த இடத்திலே பள்ளிக்கூடத்தை ஏற்றியவர்கள், இன்று பள்ளிக்கூடத்துக்காகச் சில ஏக்கர் தேயிலையை இறக்கட்டும்.

வரைபடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதில் எமது கோரிக்கைகள் இவை.

முதலாவது, ஒவ்வொரு பாடசாலைக்கும் தனி வரைபடம் வேண்டும். நுவரெலியா, ஹட்டன், வலப்பனை, ஹங்குரன்கெத்த, கொத்மலை ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலிருந்தும் இப்பணி தொடங்கலாம். கட்டடம், பின்சுவர், மேற்சரிவு, கான், ஓடை, மலசலகூடக் குழி, பெருமரங்கள், மின்கம்பம் ஆகிய அனைத்தும் அதில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பிள்ளை நடக்கும் வழியும் வரையப்படல் வேண்டும். பாடசாலை வேலிக்குள்ளே மட்டுமா பிள்ளைக்கு ஆபத்து? லயத்திலிருந்து வகுப்பறை வரையுள்ள ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும், மழையிலே பெருகும் ஒவ்வொரு ஓடைக் கடவையும் குறிக்கப்படல் வேண்டும்.

மூன்றாவது, தோட்டத்து மக்களே சாட்சிகளாய் அழைக்கப்படல் வேண்டும். எந்த மலையிலே புதிதாய் ஊற்றுக் கண் திறந்தது, எங்கே தெளிந்த நீர் திடீரெனக் கலங்கிற்று, எந்த மரம் சாய்ந்து வருகின்றது, எந்த வீட்டுக் கதவு நிலையோடு இறுகிற்று என்பவற்றை வானத்திலிருந்து எடுத்த படம் சொல்லாது. முப்பதாண்டு கான் வெட்டியவரும், அதே மலையிலே கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற மூதாட்டியும் சொல்வர். அவர்களைக் கேளாமல் வரைந்த படம் ஏட்டுச் சுரைக்காய்; அது கறிக்கு உதவாது.

நான்காவது, வரைபடமும் எச்சரிக்கையும் தமிழில் வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்புக் கூறுகின்றது. நுவரெலியா, அம்பகமுவ முதலிய பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. அவ்வாறிருந்தும், டித்வாச் சூறாவளியின்போது எச்சரிக்கைகள் தமிழிலே உரிய காலத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. புரியாத மொழியில் வந்த எச்சரிக்கை வராத எச்சரிக்கையே.

ஐந்தாவது, எந்தப் பாடசாலையை இடர்கால முகாமாகப் பயன்படுத்தலாம், எதைப் பயன்படுத்தலாகாது என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டு அறிவிக்கப்படல் வேண்டும். லயத்திலிருந்து தப்பி வந்தவர்கள் அதைவிட அபாயமான கூரையின் கீழ் உறங்குதல் ஆகாது. முகாமாக மாறும் பாடசாலையின் பிள்ளைகள் எங்கே படிப்பர் என்பதற்கும் விடை வேண்டும்.

ஆறாவது, பாடசாலைக்கு மேலுள்ள கான்களைத் துப்புரவாக வைத்திருத்தல் குத்தகைக்காரக் கம்பனியின் சட்டக் கடமையாக்கப்படல் வேண்டும். மழைக்காலத்துக்கு முன் அதிபரும் தோட்ட நிருவாகமும் பெற்றோர் பிரதிநிதியும் சேர்ந்து பார்வையிட்டுக் கையொப்பமிட வேண்டும். கையொப்பம் இருக்குமிடத்தில் பொறுப்பு இருக்கும்.

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரசை ஒவ்வொருவரின் கையிலும் ஒரு கருவியைத் தந்திருக்கின்றது. உங்கள் பிள்ளையின் பாடசாலை மண்சரிவு அபாயப் பகுதியில் உள்ளதா, அதுபற்றி அறிக்கை ஏதும் உண்டா, உண்டாயின் அதன்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை யாது என்று எழுதிக் கேளுங்கள். சாதாரணக் கோரிக்கைக்கு 14 வேலை நாள்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படல் வேண்டும். உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பற்றிய தகவலாயின் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. மலைக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் உயிரைவிட உயிர் பற்றிய தகவல் வேறு யாது?

இந்த உரிமை பிரசைகளுக்கு மட்டுமே உரியது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்கள் எமது பாட்டன்மார். 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அவ்வடு முற்றாக நீங்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் போராடிப் பெற்ற பிரசாவுரிமையைத் தேர்தல் நாளிலே புள்ளடியிடுவதற்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, மற்ற நாள்களில் பெட்டிக்குள் பூட்டி வைப்பதா? ஒரு தாளும் ஒரு பேனாவும் எடுத்துக் கேட்பவனே பிரசை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளட்டும். முற்றத்திலே ஒரு மழைமானி நாட்டட்டும். உயர் வகுப்பு மாணவர் நாள்தோறும் அளவெடுத்துக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதட்டும். 75, 100, 150 என்னும் மூன்று எண்களும் வாய்பாட்டைப் போல ஒவ்வொரு பிள்ளைக்கும் மனனமாகட்டும். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தம் பாடசாலையின் படத்தைத் தாமே வரையட்டும். பத்தனை ஸ்ரீபாதக் கல்வியியற் கல்லூரியிலே பயிலும் வருங்கால ஆசிரியருக்கு இதுவும் ஒரு பயிற்சியாகட்டும். தொழிற்சங்கங்கள், கட்சி வேறுபாட்டை ஒரு புறம் வைத்துவிட்டு, கூலிப் பேச்சுவார்த்தை மேசையிலே கானையும் தடுப்புச் சுவரையும் சேர்த்து வைக்கட்டும். அரசாங்கத்தின் வரைபடம் வரும்போது அதை எதிர்கொள்ள எமது வரைபடம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

இருநூறாண்டுகளுக்கு முன்னர் எமது முன்னோர் நடந்து வந்த பாதைக்கு வரைபடம் இருக்கவில்லை. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டிலே எத்தனை பேர் விழுந்தனர் என்பதற்குக் கணக்கும் இல்லை. 2023 இலே அந்தப் பாதையில் நாம் மீண்டும் நடந்து அவர்களை நினைவுகூர்ந்தோம். அவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று நடக்கும் பாதைக்கேனும் வரைபடம் வேண்டாவா? இறந்தோருக்கு நடுகல் நாட்டுவதில் எமது சமூகம் பின்னிற்பதில்லை. இருப்போருக்கு ஒரு தடுப்புச் சுவர் கட்டுவிக்கும் வல்லமையும் எமக்கு உண்டு என்று காட்டும் வேளை இது.

அடுத்த மழை யாருக்காகவும் காத்திராது. அரசாங்கமும் மாகாண நிருவாகமும் கம்பனிகளும், அவற்றோடு நாமும், அதற்கு முன்னர் எழுந்தாக வேண்டும். மலை சரிந்த பின்னர் வரும் நிவாரண அரிசி எமக்கு வேண்டாம். மலை நிற்கும்போதே அதன் அடியில் யார் இருக்கின்றார் என்று பார்க்கும் கண்ணே எமக்கு வேண்டும்.